மடிப்பதும் கிளம்புவதும்

அக்கா உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரே அறையில் வேலை பார்த்தோம். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் துணி அறை. பக்கத்து அறையில் பெரிய மெஷின்களில் துவைத்துக் காயவைத்த துணிகள் தள்ளுவண்டியில் எங்களிடம் வரும். படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் தியேட்டரின் பச்சைத் துணிகள், பிரசவ வார்டுக்கான சின்னத் துணிகள். அவற்றை மடித்து அடுக்கி மாடிக்கு அனுப்புவது எங்கள் வேலை. பெரிய விரிப்பை மடிக்க மட்டும் இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கு இரண்டு முனை. மற்றதையெல்லாம் உட்கார்ந்தே மடிக்கலாம். நான் முக்காலியில் உட்கார்ந்து மடிப்பேன். அக்கா நின்றுகொண்டு மடிப்பார். நின்றுகொண்டு என்றுகூடச் சொல்ல முடியாது. மேஜைக்கும் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே மடிப்பார்.

மத்தியானச் சாப்பாடும் அப்படித்தான். டிபன் பாக்ஸ் மூடியில் கொஞ்சம் சோற்றை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய்விடுவார். கீழ்த்தளம் என்பதால் அந்த ஜன்னலில் ரோட்டில் போகிறவர்களின் கால்களும் பஸ் சக்கரங்களும்தான் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார்.

"உக்காந்து சாப்பிடுங்கக்கா."

"உக்காந்தா சோறு எறங்க மாட்டேங்கு பிள்ள. நீ உக்காரு. ஒனக்கும் சேத்து நான் நிக்கேன்."

வேலை முடிந்து பாளையங்கோட்டைக்கு ஒரே பஸ்ஸில் போவோம். இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு நிறுத்தம் இருக்கும்போதே அக்கா எழுந்து படிக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடுவார். தெரிந்த கண்டக்டர் ஒருவர் கேலி செய்வார்.

"யக்கா, பஸ்ஸுக்கு முன்னால நீங்க போயிச் சேந்துருவிய போலிருக்கே."

"ஒங்க டிரைவரு ஓட்டுத ஓட்டுக்கு நான் அப்பமே நடந்து போயிருப்பேன்."

எனக்கு இப்படியெல்லாம் பதில் சொல்ல வராது. பஸ்ஸில் டிக்கெட் கேட்பதற்கே ஊர்ப்பெயரை மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்கிற ஆள் நான். பத்தாவது முடித்துவிட்டு இருபத்தெட்டு வருடமாக வேலைக்குப் போகிறேன். இன்னும் பேச்சு பழகவில்லை. அக்கா பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

அவர் ஏன் உட்காருவதில்லை என்பதை நான் கேட்காமலே ஒருநாள் சொன்னார். சொந்த ஊர் முக்கூடல். ஒன்பது வயதில் மடியில் சுளவு என்கிற முறத்தை வைத்துப் பீடி சுற்ற உட்கார்ந்தவர், முப்பத்தெட்டு வயதில்தான் எழுந்தாராம். "நடுவுல கல்யாணம் ஆச்சு, பிள்ள பொறந்துச்சு, எங்க வீட்டுக்காரவ்வொ செத்துப் போனாவ. எல்லாத்துக்கும் எந்திரிச்சுப் போயிட்டுத் திரும்ப வந்து சொளவுகிட்ட உக்காந்தேன். கால மடக்கி மடக்கி, முட்டு ரெண்டும் யாருதோன்னு ஆயிப்போச்சு." பிறகு தையல் கற்றுக்கொண்டு, ஒரு ஏஜெண்டு மூலமாக ருமேனியாவுக்குப் போனார். அங்கே தொழிற்சாலை ஆட்கள் போடும் உடுப்புத் தைக்கிற கம்பெனி. அங்கேயும் உட்கார்ந்துதானே தைத்திருப்பீர்கள் என்று கேட்டேன். "இல்லட்டி. பாதி நாளு தச்சதை மடிச்சுப் பெட்டியில போடுத வேல. நின்னுக்கிட்டே பாக்கலாம். நான்தான் கேட்டு வாங்கினேன்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டுக்குக் கூப்பிட்டேன். கூப்பிடுவதற்கு மூன்று வாரம் யோசித்தேன். தம்பி வீட்டு மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறேன். என்னைத் தேடி ஆட்கள் வருவது அபூர்வம். சர்ச்சில் ஆராதனை முடிந்து வந்து, அறையைக் கூட்டி, முறுக்கு வாங்கி வைத்திருந்தேன். அக்கா சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்தார். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார், ஜன்னலைத் திறந்தார், மூடினார், கட்டிலில் நான் குவித்து வைத்திருந்த துணியை மடித்தார். நான் காபி போட அடுப்புப் பக்கம் போனேன். இரண்டு டம்ளரோடு திரும்பினால் ஆள் இல்லை. மாடிப்படிக்கு வந்து எட்டிப் பார்த்தேன். செருப்பும் இல்லை.

அன்று முழுக்க எனக்கு மனசே சரியில்லை. என்ன தப்பாகச் சொன்னேன், எதைப் பார்த்து முகம் சுளித்தேன் என்று யோசித்து யோசித்து இரண்டு காபியையும் நானே குடித்தேன். மறுநாள் அக்காவோடு பேசக் கூடாது என்று முடிவெடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். அக்காவுக்கு அது மத்தியானம்தான் தெரிந்தது.

"என்னட்டி, வாயில கொழுக்கட்டயா? எப்பவும் இப்படித்தான் இருப்ப. இன்னைக்கு என்னமோ கொஞ்சம் கூடுதலா இருக்கு."

"காபி போட்டுட்டு வந்தேன். நீங்க இல்ல."

அக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "அதுவா. நான் அப்படித்தான் பிள்ள. ஒன்னய வச்சு ஒண்ணும் இல்ல. சொல்லிட்டுக் கிளம்பணும்னு நெனச்சாலே எனக்கு நெஞ்சு அடைக்கும். சொன்னா, 'இன்னும் செத்த நேரம் இருங்க'ம்ப. நானும் நிப்பேன். பொறவு கிளம்பவே முடியாது. கல்யாண வீடு, கோயில் கொடை எங்க போனாலும், ஆளு பாக்காத நேரம் பாத்துப் பைய நழுவிருவேன்."

"வெளிநாட்டுலயும் இப்படித்தானா?"

"அங்கனயும் இப்படித்தான். அதுக்கு ஒரு மெஷின்காரி எனக்குக் கத சொன்னா, கேளு. அந்த முனையப் பிடி."

ஒரு பெரிய விரிப்பை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டோம். அதை மடித்துக்கொண்டேதான் அந்தக் கதையைச் சொன்னார்.

அக்காவுக்குப் பக்கத்து மெஷினில் ஒரு வயதான ருமேனியப் பெண் இருந்தாராம். அக்கா சாயங்காலம் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போவதைப் பார்த்துவிட்டு, ஒருநாள் வழிமறித்து, கிளம்பும்போது இப்படிச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று ஒரு சொல்லைக் கற்றுக்கொடுத்தாராம். பிளெக். நான் கிளம்புகிறேன் என்று அர்த்தம். சொல்லிவிட்டு அந்த அம்மாள் அதோடு நிற்கவில்லை. மேஜையில் கிடந்த ஒரு துணியை எடுத்து நாலாக மடித்துக் காட்டி, பிளெக் என்றாராம். பிறகு இரண்டு விரலை மேஜை மேல் நடப்பது போல நடத்திக் காட்டி, அதற்கும் பிளெக் என்றாராம். அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் போனில் எழுதி, அதை மொழிமாற்றிப் படித்துத்தான் புரிந்துகொண்டார்கள்.

"அந்தச் சொல்லு லத்தீன்லயிருந்து வந்ததாம். அவ்வொ பள்ளிக்கூடத்துல லத்தீன் சொல்லிக்குடுப்பாவளாம். லத்தீன்ல அதுக்கு மடிக்கதுன்னு அர்த்தமாம். போறதே இல்லியாம்."

"மடிக்கது எப்படிக்கா போறதாகும்?"

"நானும் அதத்தான் கேட்டேன். அந்தக் காலத்துல ரோமாபுரிப் பட்டாளம் அங்கன வந்து கூடாரம் போட்டு இருந்திருக்கு. கூடாரத்த மடிச்சா அன்னைக்குக் கிளம்புதாவன்னு அர்த்தம். 'மடிச்சாச்சா?'ன்னா 'கிளம்பியாச்சா?'ன்னு ஆயிட்டு. பட்டாளம் போயி எம்புட்டோ காலம் ஆச்சு. கூடாரமும் இல்ல. சொல்லு மட்டும் இருக்கு. அப்படித்தான் நெறையப் பேரு சொல்லுதாவளாம். வேற மாரி சொல்லுதவங்களும் உண்டாம்."

விரிப்பு பாதி மடிந்திருந்தது. அக்கா என் கையிலிருந்த முனைகளை வாங்கிக்கொண்டார்.

"தலையக் குனியதுக்கும் இன்னும் அதே சொல்லத்தான் சொல்லுவாவளாம். தலையும் மடியுதுல்லா. எனக்கு அது பிடிச்சுது பிள்ள. நானும் தலையக் குனிஞ்சுக்கிட்டுதான கிளம்புதேன்."

அதற்குப் பிறகு சொன்னதுதான் எனக்கு இன்றைக்கும் அதிசயமாக இருக்கிறது. அந்த ருமேனிய அம்மாள் முன்பு பல வருடம் ஸ்பெயின் தேசத்துக்கு ஸ்ட்ராபெரி பறிக்கிற வேலைக்குப் போய்வந்தவராம். நம் ஊர் ஆட்கள் களை பறிக்கப் போவது போல அங்கே அந்த வேலைக்கு ஆட்கள் போவார்களாம். அந்த ஸ்பெயின் பாஷையிலும் இதே லத்தீன் சொல் இருக்கிறதாம். ஆனால் உச்சரிப்பு மாறி, அங்கே அதற்கு வந்து சேர்வது என்று அர்த்தமாம். ஏன் என்றால், அங்கே இருந்தவர்கள் கப்பல்காரர்கள். கடலில் வரும் கப்பல் கரையை அடைந்ததும் பாயைச் சுருட்டி மடிப்பார்கள். மடித்தால் வந்தாயிற்று. ஒரே சொல்தான். ஒரு ஊரில் மடித்தால் கிளம்பியாயிற்று, இன்னொரு ஊரில் மடித்தால் வந்து சேர்ந்தாயிற்று. ஸ்பெயினில் இருந்தபோது, இரண்டும் ஒரே சொல் என்று தெரிந்த பிறகு, எது போவது எது வருவது என்று கொஞ்ச நாள் திண்டாடிப் போனதாக அந்த அம்மாள் சொல்லிச் சிரித்தாராம்.

நான் துணியை மடிக்காமல் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு எப்போதும் துணியை மடித்தால் வேலை முடிந்தது, இனி உட்காரலாம் என்றுதான் தோன்றும். அதைச் சொன்னேன்.

"அப்ப நீ ஸ்பெயின்காரி" என்றார் அக்கா.

அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர். "ஏட்டி ஸ்பெயின்காரி, அந்த முனையப் பிடி." "ஸ்பெயின்காரி இன்னைக்கும் தயிர்ச்சோறா?" யாராவது ஏன் இந்தப் பெயர் என்று கேட்டால் எனக்கு வெட்கமாகிவிடும். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், லத்தீனில் இப்படி ஒரு சொல் உண்டா என்று எங்கள் சபைப் போதகரான ஐயரிடம் கேட்டுவிட வேண்டும் என்று வாசலிலேயே நின்றேன். அவர் அருகில் வந்து, "என்னம்மா?" என்றார். "ஒண்ணும் இல்லீங்க ஐயா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்தச் சொல்லால் என் மானம் தப்பியது ஒரு தடவை. இருதயத்துக்கு வைத்தியம் பார்த்துக்கொண்ட ஒரு கடைக்கார அண்ணாச்சி டிஸ்சார்ஜ் ஆகிற நாள். அவருடைய வேட்டி ஒன்று விரிப்புகளோடு சேர்ந்து துவைக்க வந்துவிட்டது. அதை வாங்குவதற்கு மனைவி, மருமகனோடு எங்கள் அறை வாசலுக்கே வந்தார். வேட்டியைக் கொடுத்தேன். நல்ல மனிதர், "ரொம்ப சந்தோசம் தாயி" என்றார். பதிலுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்ற பதற்றத்தில், வீட்டுக்கு வந்தவர்களிடம் சொல்வது போல, "போயிட்டு வாங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன்.

அவர் மனைவியின் முகம் சுருங்கிவிட்டது. "இங்கன எதுக்கும்மா திரும்ப வரணும்?" என்றார்.

"ஆஸ்பத்திரியில வேல பாக்கிய. டிஸ்சார்ஜ் ஆகுத ஆளுகிட்ட வாங்கன்னு சொல்லக் கூடாதுன்னு தெரியாதா?" என்றார் மருமகன்.

எனக்குத் தெரியும். அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்தது அதுதான். வாங்க என்றால் திரும்பப் படுக்கைக்கு வா என்பது போல ஆகிவிடும். போங்க என்றும் சொல்லக் கூடாது, அது அதைவிட மோசம். சும்மா தலையை ஆட்ட வேண்டும். எனக்குக் கண்ணீர் முட்டிவிட்டது. அக்கா முன்னால் வந்தார்.

"அண்ணாச்சி, அவ பேசினதே பெரிசு. நீங்க மனசுல வச்சுக்கிடாதிய. பிளெக் அப்படின்னு சொல்லிட்டுக் கிளம்புங்க."

"அது என்ன தாயி?"

"போறதும் இல்ல, வாறதும் இல்ல. துணிய மடிக்கது. வேட்டிய மடிச்சாச்சுல்லா, அம்புட்டுத்தான்."

அண்ணாச்சி ஒரு நிமிடம் அக்காவைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்து, "பிளெக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவர் மனைவிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரே வாரத்தில் அந்தச் சொல் மாடி வரைக்கும் ஏறிவிட்டது. லிஃப்ட் ஆள், மருந்துக்கடைப் பெண்கள், வார்டு நர்சுகள் எல்லாரும் டிஸ்சார்ஜ் ஆகிறவர்களிடம் பிளெக் என்று சொல்லத் தொடங்கினார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது ஏதோ இங்கிலீஷ் என்று நினைப்பு.

அக்கா தன் மகளைப் பற்றி என்னிடம் பேசியது ஒரு வருடம் கழித்துத்தான். பிரசவ வார்டுத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது, யாரிடமோ சொல்வது போல ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

ருமேனியாவுக்குக் கிளம்பிய அன்று மகளுக்குப் பத்தொன்பது வயது. அம்மாவும் மகளும் மட்டும்தான் வீட்டில். பாஸ்போர்ட் வந்ததும் அவளுக்குத் தெரியும், விசா வந்ததும் தெரியும். என்றைக்குப் போவது என்பதை மட்டும் அக்கா சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். கிளம்புகிற அன்று விடிகாலையில் எழுந்து நாலு தோசை சுட்டு, தட்டால் மூடி வைத்துவிட்டு, தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல் முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டார்.

"எழுப்பியிருந்தா நான் போயிருக்க மாட்டேன் பிள்ள. சத்தியமா போயிருக்க மாட்டேன்."

விமான நிலையத்திலிருந்து போன் செய்தபோது மகள் எடுத்து, குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாள். அனுப்பிய பணத்தில்தான் அவள் படிப்பை முடித்தாள், அதில்தான் கல்யாணமும் நடந்தது. கல்யாணத்துக்குக் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. சொந்தக்காரர் ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்து முகூர்த்தத்தைக் காட்டினார். மணமேடையில் மகள் அந்தப் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்து, மகளைப் பார்க்க அவள் புகுந்த வீட்டுக்குப் போனபோது, ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாளாம்.

"'வாங்க, தண்ணி குடிங்க'ங்கா. பெத்த மக என்னய வாங்கங்கா. குடுத்துட்டு உள்ள போனவ வெளிய வரல. நானும் பைய எந்திரிச்சு வந்துட்டேன்."

"சொல்லிக்கிடாமலா?"

"சொல்லிக்கிடாமதான்."

அக்கா இதை என்னிடம் சொல்லிச் சில மாதம் கழித்து ஏஜெண்டு கூப்பிட்டார். அதே கம்பெனியில் திரும்ப ஆள் எடுக்கிறார்கள், அக்காவின் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்கள். அக்கா ஒரு நொடி யோசிக்காமல் சரி என்றார். தாள்கள் எல்லாம் வந்து, வியாழக்கிழமை பகல் திருவனந்தபுரம் பஸ், அங்கிருந்து மறுநாள் விடிகாலை விமானம் என்று முடிவாயிற்று.

அந்த வாரம் திங்கட்கிழமை. பிரசவ வார்டு நர்சு கீழே வந்து, கூடுதலாகப் பிள்ளைத் துணி வேண்டும் என்றார். முக்கூடல் பெண் ஒன்று, காலையில் சிசேரியன் ஆயிற்று, பெண்பிள்ளை என்றார். அக்கா, அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டார். நர்சு சொன்னதும், அக்கா கையிலிருந்த துணியை மேஜையில் வைத்தார். பிறகு அதையே எடுத்து உதறினார்.

நர்சு போனபிறகு, "நீ போயிப் பாத்துட்டு வா" என்றார்.

"நானா? நீங்க போங்கக்கா."

"போட்டி. ஸ்பெயின்காரி, எனக்காக ஒரு தடவ போ."

துணிக்கட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். வார்டுக்குள் நான் போகிற வழக்கம் இல்லை, வாசலில் கொடுத்துவிட்டு வருவதுதான். அந்த அறையில் ஒரு வயதான அம்மா, மாமியாராக இருக்க வேண்டும், என்னைப் பார்த்து, "விரிப்பு மாத்தணுமா?" என்றார். ஆமாம் என்றும் இல்லை என்றும் தலையை ஆட்டிவிட்டு, தொட்டிலைப் பார்த்தேன், கட்டிலைப் பார்த்தேன், ஓடி வந்துவிட்டேன்.

"பிள்ள நல்லா இருக்கு. முடி நெறைய."

"அவ?"

"தூங்குதா."

"மூஞ்சி எப்படி இருக்கு?"

"ஒங்க மூக்கு."

அக்கா அறையை மூன்று தடவை சுற்றிவந்தார்.

மறுநாள் திரும்பவும் என்னைத்தான் அனுப்பினார். நல்ல வேளையாக மாமியார் அறையில் இல்லை. மகள் விழித்திருந்தாள். துணியை வைத்துவிட்டு நின்றேன். போகவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. கடைசியில், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "ஒங்க அம்மா இங்கதான் கீழ வேல பாக்காவ."

"தெரியும்" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"அத்த அம்பாசமுத்திரத்துலயே பாத்துக்கிடலாம்னாவ. எங்களுக்கு அதுதான் பக்கம். நான்தான் இந்த ஆஸ்பத்திரிக்கு வரணும்னு ஒத்தக் கால்ல நின்னேன். வந்து ரெண்டு நாளு ஆச்சு. வருவாளான்னு கதவயே பாத்துக்கிட்டு இருக்கேன். துணிதான் வருது."

"வியாழக்கிழம திரும்ப வெளிநாடு போறாவ" என்றேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று அப்போதே தோன்றியது.

தொட்டிலுக்குள் பிள்ளை முனகியது. "இந்தத் தடவையும் சொல்லாமத்தான் போவாளா?" என்றாள். பிறகு, "என் மூஞ்சியப் பாத்து, போறேன்னு சொல்லிட்டுப் போகச் சொல்லுங்க. எனக்கு அது போதும். வேற ஒண்ணும் வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள்.

கீழே வந்து ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். அக்கா அன்று சாயங்காலம் வரை ஒரே விரிப்பை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பஸ்ஸில் ஏறியதும் உட்காராமல் படிக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். கண்டக்டர் ஏதோ கேலி சொன்னார். அக்கா காதில் விழவில்லை.

புதன்கிழமை காலையில் சொன்னார். "அவ எத வேணும்னாலும் கேட்டிருக்கலாம் பிள்ள. அது ஒண்ணுதான எனக்கு வராதது. நான் போயி நின்னேன்னு வையி, அவ என்னயப் பாப்பா. நான் பிள்ளயப் பாப்பேன். பொறவு எந்த விமானத்துல ஏற?"

"ஏறாட்டா என்னக்கா?"

"கோட்டி மாரிப் பேசாத. நான் எங்கன இருக்க? இந்தக் கீழ்த்தளத்துலயா?"

மத்தியானம் ஆயிற்று. அக்கா ஜன்னலுக்குப் போனார், வந்தார். மறுநாள் இந்த நேரம் அவர் இருக்கப் போவதில்லை. மூன்று மணிக்கு வார்டுக்குப் பிள்ளைத் துணி அனுப்ப வேண்டும். கட்டை எடுத்து வழக்கம்போல என் பக்கம் நீட்டினார். நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

"நான் இன்னைக்கு மேல போக மாட்டேன்."

"என்னட்டி?"

"போக மாட்டேன். துணி வேணும்னு காத்துக்கிட்டு இருக்காவ. நீங்க கொண்டுபோங்க."

அந்த ஆஸ்பத்திரியில் அதற்கு முன்னும் பின்னும் ஒரு வேலையை நான் மாட்டேன் என்று சொன்னதில்லை. அக்கா என்னை முறைத்தார். கட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். லிஃப்டுக்கு நிற்கவில்லை. படியில் ஏறுகிற சத்தம் கேட்டது. எனக்குத் தாங்கவில்லை, நானும் பின்னாலேயே ஏறினேன்.

அறைக்கு முன்னால் நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா உள்ளே கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தார். துணிக்கட்டு இன்னும் கையிலேயே இருந்தது. தொட்டில் இடது பக்கம். அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, மனப்பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னார்.

"நாளைக்குப் போறேன்."

மாமியார் பதறிப்போய் எழுந்துவிட்டார். "பச்சப் பிள்ளைய வச்சுக்கிட்டு என்ன பேச்சு மைனி இது? போறேன் கீறேன்னு. போயிட்டு வாரேன்னு சொல்லுங்க."

"ஆஸ்பத்திரியில அதுவும் ஆகாதே மைனி" என்றார் அக்கா.

"நீங்க சும்மா இருங்கத்த" என்றாள் மகள். "அவ சொன்னதே சரிதான்." பிறகு அம்மாவிடம் கேட்டாள். "எத்தன மணிக்கு வண்டி?"

"பதினொண்ணரைக்கு."

"அதுக்கு இன்னும் நேரம் கெடக்கே. இங்கன உக்காரும்மா."

அக்கா சுற்றிலும் பார்த்தார். உட்காரச் சொன்னது தன்னைத்தானா என்று சந்தேகப்பட்டது போல இருந்தது. மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டார். அக்கா உட்கார்ந்தார். மகள் கையை நீட்டித் துணிக்கட்டை வாங்கிக் கட்டிலில் வைத்தாள். அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் அக்காவின் பெட்டி எங்கள் துணி அறையில் இருந்தது. பத்தரை மணிக்கு அதை எடுத்துக்கொண்டு மேலே போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கம்தான். ஆட்டோவில் பத்து நிமிடம். அக்கா அறைக்கு வெளியே வந்தபோது கூடவே மகளும் வந்தாள். ஆபரேஷன் ஆகி நாலாவது நாள். கொஞ்சம் நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். லிஃப்ட் வரைக்கும் வந்து அனுப்பிவைக்கிறேன் என்று பிடிவாதமாக எழுந்துவிட்டாளாம். பிள்ளையோடு மாமியார் வாசலில் நின்றார்.

அந்த வராந்தா அப்படி ஒன்றும் நீளம் இல்லை. நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தள்ளுவண்டியோடு போய்வருகிற இடம். மகள் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையை அம்மாவின் தோளில் வைத்திருந்தாள். ஒரு எட்டு வைப்பாள். வலியில் நிற்பாள். அக்காவும் நிற்பார். அவள் அடுத்த எட்டு வைக்கும்வரை அக்காவின் கால் அசையாது. பாதி தூரத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. அங்கே மகள் உட்கார்ந்தாள், அக்காவும் உட்கார்ந்தார். மகள் அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பெட்டியை வைத்துக்கொண்டு நான் பின்னால் நின்றேன். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஆகி, பதினொன்றே காலும் ஆயிற்று. நேரமாகிறது என்று சொல்ல வேண்டியது நான்தான். வேறு யாரும் அங்கே இல்லை. வாயைத் திறக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.

பதினொன்றரை வண்டி போய்விட்டது. அக்கா ஒன்றரை மணி வண்டியில்தான் போனார்.